எந்த வேப்பூர்? இணையத்தில் தேடும்போது கவனிங்க

உங்கள் போனில் கூகுளைத் திறந்து 'வேப்பூர்' என்று மட்டும் தட்டிப் பாருங்க. இரண்டு வேப்பூர் வரும். ஒன்று கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிற தாலுகா தலைமையிடம். இன்னொன்று பெரம்பலூர் மாவட்டம், குன்னம் தாலுகாவில் உள்ளது. அது ஊராட்சி ஒன்றியம். கல்லூரி ப்ராஜெக்டுக்குத் தகவல் எடுக்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டால், பக்கத்து மாவட்டத்து மக்கள்தொகை நம்ம ஊர்க் கணக்கில் ஏறிவிடும். மேலே வரும் ஏஐ பதிலும் இரண்டையும் கலந்து சொல்லலாம். அதோடு நிறுத்தாமல், அது காட்டும் இணையதளத்தைத் திறந்து மாவட்டத்தைச் சரிபாருங்க.

ஊர்ப் பெயரோடு மாவட்டப் பெயரையும் சேர்த்துத் தட்டினாலே பாதி குழப்பம் தீரும். தீரவில்லையா? ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறி போட்டு, அதை ஒட்டியே 'பெரம்பலூர்' என்று எழுதுங்க. அந்தச் சொல் உள்ள பக்கங்கள் வராது. ஆனால் பெரம்பலூர் போகும் பஸ் விவரமும் சேர்ந்தே காணாமல் போகும்!

பழைய தகவல்தான் சிக்கல். கடலூர் மாவட்டம் தென்னார்க்காட்டிலிருந்து 1993-இல் பிரிந்தது. பெரம்பலூர் மாவட்டம் திருச்சியிலிருந்து 1995-இல் பிரிந்தது. 1906-இல் வெளியான கெசட்டியரை 'கடலூர் மாவட்டம்' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? 'சவுத் ஆற்காடு' என்று ஆங்கிலத்தில் தேடணும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வேப்பூர் தாலுகா கிடையாது, அது பிறகு வந்தது. விருத்தாசலம், திட்டக்குடி தாலுகாக்களில் பாருங்க.

விருத்தாசலம் செராமிக் தொழில் பற்றித் தேடுகிறீர்களா? 'பீங்கான்', 'செராமிக்' இரண்டையும் போட்டுப் பாருங்க. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ரயில்வே எழுத்து ஒன்று, அலுவலகக் கடிதத்தில் வேறொன்று. ஒவ்வொன்றாகத் தேடத்தான் வேணும். கோயில் வரலாறு என்றால் 'திருமுதுகுன்றம்' என்ற பழம்பெயரையும் விடாதீங்க.

அரசுத் தளங்களில் மட்டும் தேட, தேடும் சொல்லுக்குப் பின் ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி இல்லாமல் 'டிஎன் டாட் கவ் டாட் இன்' சேர்த்துக்கோங்க.

ஸ்கேன் செய்த பழைய நூல்களின் உள்பக்கம் பெரும்பாலும் கூகுளில் சிக்காது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்குள் போய், நூல் பெயரையோ ஆசிரியர் பெயரையோ போட்டு அங்கேயே தேடுங்க.