ஸ்பானிய மரபு மாதம்

அமெரிக்காவில் 1968இல் ஒரு வாரமாகத் தொடங்கிய ஸ்பானிய மரபு விழா, 1988இல் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரையுள்ள மாத விழாவாக விரிந்தது. குவாத்தமாலா முதலிய ஐந்து நாடுகளின் விடுதலை நாள் செப்டம்பர் 15.

பல்கலைக்கழகங்களிலும் இவ்விழா எதற்காக? 1940களில் கலிபோர்னியாவில் சில்வியா மெண்டஸ் என்னும் ஸ்பானிய மரபுச் சிறுமிக்கு வெள்ளையர் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டது. அவள் தந்தையும் வேறு நான்கு குடும்பத்தாரும் வழக்காடி, 1947இல் மேல்முறையீட்டிலும் வென்றனர். சில்வியா பின்னர் பட்டம் பெற்றுச் செவிலியரானார்.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே வந்தவளுக்கு உறவும் வேண்டுமன்றோ? தன் மொழியும் பாட்டும் உணவும் மதிக்கப்படும்போது, புதிய மாணவி தன்னை விருந்தாளியாக அன்றி வீட்டுப் பிள்ளையாக உணர்கிறாள். விழா முடிந்த மறுநாளும் அவளருகே அமரத் தோழி வேண்டும். நம் பள்ளியில் தனியே அமர்ந்து உண்பவள் யார்? இன்றே அவளிடம் செல்வோம்!