சர்க்கரைச் சட்டை போட்ட பாக்டீரியா

"எதிர்ப்பொருள் எதைப் பிடிக்கும்?" என்று வகுப்பில் கேட்டால், "புரதத்தை" என்ற பதில்தான் உடனே வரும். தவறில்லை. ஆனால், நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவிடம் அது பிடிப்பது பெரும்பாலும் சர்க்கரையை.

இந்தப் பாக்டீரியாவைச் சுற்றி வழுவழுப்பான உறை உண்டு. சர்க்கரை மூலக்கூறுகளை மணிமாலைபோல் நீளமாகக் கோத்த பாலிசாக்கரைடு அது. இந்த உறையால் வெள்ளை இரத்த அணுக்கள் பாக்டீரியாவை எளிதில் விழுங்க முடிவதில்லை. 1928இல் கிரிஃபித் செய்த எலிச் சோதனை நினைவிருக்கிறதா? உறையுள்ள வகை எலியைக் கொன்றது; உறையற்றது கொல்லவில்லை. அதை மரபியல் பாடத்தில் படிப்பதால், நோய் எதிர்ப்போடு சேர்த்துப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

எதிர்ப்பொருள் ஆங்கில 'ஒய்' எழுத்தைப் போன்றது. அதன் இரு கை நுனிகளிலும் சிறு பள்ளம் இருக்கும். மாலை முழுவதும் அதில் அடங்காது. ஆறேழு மணிகள்தான் அடங்கும். அந்த மணிகள் எவை, எப்படி இணைந்துள்ளன என்பதே முக்கியம். 6ஏ, 6பி என்னும் இரு நிமோகாக்கஸ் வகைகளின் மாலையில் மணிகள் ஒன்றே. ஒரே ஒரு பிணைப்பின் இடம் மட்டும் வேறு. அதைக்கூடப் பிரித்தறியும் எதிர்ப்பொருள்கள் உள்ளன! இப்படி 100க்கும் மேற்பட்ட உறை வகைகள் உண்டு. கைகள் உறையைப் பற்றியதும் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளை அணு அந்த வாலைப் பிடித்துப் பாக்டீரியாவை விழுங்கிவிடும்.

சிக்கல் குழந்தைகளிடம்தான். எதிர்ப்பொருளை உருவாக்கும் பி அணுவுக்கு டி அணுவின் உதவி கிடைத்தால்தான் வலுவான, நீண்ட கால எதிர்ப்பு உருவாகும். டி அணுவோ பெரும்பாலும் புரதத் துண்டுகளையே அடையாளம் காணும். பெரியவர்களின் பி அணுக்கள் சர்க்கரையைத் தனியாகவே ஓரளவு சமாளிக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது சரியாக நடப்பதில்லை. நிமோகாக்கஸ் கடுமையாகத் தாக்குவோரில் அவர்களும் அடங்குவர்.

1931இல் ஏவரியும் கோபலும் உறைச் சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்து முயல்களுக்குச் செலுத்தினர், எதிர்ப்பொருள் உருவானது. பி அணு சர்க்கரையைப் பிடித்து, ஒட்டியிருக்கும் புரதத்தையும் சேர்த்தே விழுங்குகிறது. பிறகு புரதத் துண்டைக் காட்டி டி அணுவின் உதவியைப் பெறுகிறது. உதவி புரதத்தின் பெயரில், எதிர்ப்பொருள் சர்க்கரைக்கு! மலேசியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2020இல் சேர்ந்த நிமோகாக்கஸ் ஊசி இந்த வகைதான்.

எல்லா உறைக்கும் இந்த வழி பொருந்தாது. மூளை உறை அழற்சி தரும் மெனிஞ்சோகாக்கஸ் 'பி' வகையின் உறைச் சர்க்கரை, நம் நரம்பணுக்களில் உள்ளதைப் போன்றே இருக்கிறது. உடல் அதை அந்நியனாகக் கருதுவதில்லை. அதனால், அந்த வகைக்கான தடுப்பூசியில் சர்க்கரையை விட்டுவிட்டு, பாக்டீரியாவின் புரதங்களையே பயன்படுத்துகிறார்கள்.