சிறிய வரைகலையுடைய மடிக்கணினியும் விளையாட்டும்

கல்லூரி விடுதிகளில் இஞ்ஞான்று மடிக்கணினி இல்லாத அறை அரிது. பாடத்திற்கென வாங்கிய அக்கருவியில் மாலைப்பொழுதில் விளையாடப் புகுவோர், திரையிலுள்ள படம் தயங்கித் தயங்கி ஓடக் கண்டு மனஞ்சலிப்பதை நாடோறும் காண்கின்றோம். எம் பக்கத்து அறை நண்பர் ஒருவர், தந்தையார் தவணை கட்டி வாங்கித் தந்த கணினியை வந்த விலைக்கு விற்றுவிட்டு, கடன்பட்டேனும் வேறொன்று வாங்குவதெனத் துணிந்து நின்றார். அவரைச் சில நாள் பொறுக்கச் சொல்லி, அவர்பொருட்டு யாம் ஆராய்ந்தறிந்தவற்றை ஈண்டுக் கூறுவாம்.

அவர் கருவி, 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-8250யு என்னும் செயலியை உடையது. யுஎச்டி 620 என்னும் வரைகலைப் பகுதி அச்செயலியினுள்ளேயே அடங்கியுள்ளது. தனி கிராபிக்ஸ் கார்டு தனக்கென நினைவகமும் மின்னாற்றலும் பெற்றிருக்கும். உள்ளடங்கிய வரைகலையோ இவ்விரண்டையும் செயலியோடு பங்கிட்டுக்கொள்ளும். ஓரடுப்பில் இரண்டு உலை ஏற்றிய வீடு போன்றது அதன் நிலை.

நொடிக்கு 60 படங்கள் திரையில் தோன்றவேண்டுமாயின், ஒவ்வொரு படத்தையும் தீட்டி முடிக்க 16.7 மில்லிநொடியே கிடைக்கும். 30 படங்கள் போதுமெனின் 33.3 மில்லிநொடி கிடைக்கும். அக்கால எல்லைக்குள் முடியாத வேலையே தயக்கமாகக் கண்ணுக்குப் புலனாகின்றது. ஆகலின் வேலையைக் குறைத்தல், வேலை செய்யும் உறுப்பிற்கு வேண்டுவன கொடுத்தல் என்னும் இரண்டையன்றி வேறு வழியில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் வேகம் இருமடங்காகும் என்று கூறும் 'பூஸ்டர்' மென்பொருள்களை யாம் நம்புவதில்லை. அவற்றுட் சில, விளம்பரங்களையும் தீநிரல்களையும் உடன்கொண்டு வந்து புகுவன.

இனி, தடை எங்குள்ளது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பலரும் இதனைச் செய்யாது, கண்ட அமைப்பையெல்லாம் மாற்றி அலைகின்றனர். சோதனை எளிது. விளையாட்டின் ரெசல்யூஷனைக் கீழெல்லைக்கு இறக்கிப் பார்க்க. படங்களின் எண்ணிக்கை ஏறுமாயின் தடை வரைகலையிடத்தது. ஏறாதாயின் பெரும்பாலும் செயலியிடத்தது. பின்னதாயின் பின்னணியில் ஓடும் பிரவுசர் முதலியவற்றை மூடுவதே முதல் மருந்து.

நண்பர் கருவியில் தடை வரைகலையிடத்தே இருந்தது. 1920-க்கு 1080 என்னும் திரையில் 20,73,600 பிக்சல்கள் உள. 1280-க்கு 720 என்பதிலோ 9,21,600 மட்டுமே. ஒவ்வொரு படத்திற்கும் தீட்டவேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகின்றன. எழுத்துகள் சற்றே மங்கும். அதனைப் பொறுத்தல் வேண்டும். அடுத்து, நிழல்களின் தரத்தைக் குறைக்க. நிழல் அழகியதுதான், ஆயினும் இத்தகைய கருவிக்கு அது பெருஞ்சுமை.

மைன்கிராப்ட் என்னும் விளையாட்டு இதற்கு நல்ல சான்று. அதில் காட்சித் தொலைவை 16 என வைப்பின், ஆடுவோன் நிற்கும் துண்டின் நாற்புறமும் பதினாறு பதினாறு நிலத்துண்டுகள் விரியும். பக்கத்திற்கு 33 ஆக மொத்தம் 1,089 துண்டுகள். அதனை 8 ஆக்கினால் 289 மட்டுமே. தொலைவைப் பாதியாக்கச் சுமை ஏறக்குறையக் காற்பங்காயிற்று! அதன் ஜாவா பதிப்பிற்குச் 'சோடியம்' என்னும் இலவச மாட் ஒன்றும் உண்டு. அதனை நிறுவியபின் வேறுபாடு கண்கூடாயிற்று.

இவற்றினும் மேலானதாக யாம் கண்டது ரேம் பற்றியது. உள்ளடங்கிய வரைகலை, படங்களுக்குரிய தரவையெல்லாம் பொது நினைவகத்திலிருந்தே எடுக்கவேண்டும். டிடிஆர்4-2400 வகை ரேம் ஒன்று மட்டும் பொருத்தியிருப்பின், நொடிக்கு 19.2 ஜிகாபைட்டிற்கு மேல் அவ்வழியே செல்லாது. இரண்டு பொருத்தினால் வழி இரண்டாகி 38.4 ஆகும். 2019-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1650 என்னும் எளிய தனி கார்டிற்கே இவ்வளவு 128 என்பதை ஒப்புநோக்கின், இதன் வறுமை விளங்கும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால், இரண்டு இடங்களில் எத்தனை நிரம்பியுள்ளன என்பது தெரியும். நண்பர் கருவியில் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. விற்றவர் அதனைச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. சில கருவிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆதலின் வாங்குமுன் இதனை உறுதிசெய்துகொள்ளல் இன்றியமையாதது. பயாஸில் வரைகலைக்கென நினைவகத்தை மிகுதியாக ஒதுக்குதல் இதற்கு ஈடாகாது. அது பாத்திரத்தைப் பெரிதாக்குவதேயன்றிக் குழாயை அகலமாக்குவதன்று.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். மேற்குறித்த செயலிக்கு வகுக்கப்பட்ட ஆற்றல் 15 வாட். அதனுள்ளேயே வரைகலையும் பிழைக்கவேண்டும். சூடு மிகுந்தால் கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். முதற் கால்மணி நன்றாக ஓடிப் பின்னர்த் தளர்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே. விடுதியிலோ கணினியை மெத்தைமேல் வைத்து ஆடுகின்றோம்! அடியிலுள்ள காற்றுத்துளைகள் அடைபட்டபின் விசிறி யாது செய்யும்? மேசைமேல் வைத்து, பின்புறத்தைச் சிறிது உயர்த்தி, மின்னிணைப்போடு ஆடுக. படங்களின் எண்ணிக்கைக்கு 30 அல்லது 40 என வரம்பு கட்டுதலும் நன்று. ஏறியிறங்கும் வேகத்தினும் சீரான சிறு வேகமே கண்ணுக்கு இனிது.

நண்பர் மற்றொரு ரேம் வாங்கிப் பொருத்தினார். புதிய கணினியின் விலைக்கு அச்செலவு மிகச் சிறிது. அவர் விரும்பும் பழைய விளையாட்டுகள் இப்போது தடையின்றி ஓடுகின்றன. கணினியை விற்கும் எண்ணமும் ஒழிந்தது. அண்மையில் வந்த பெரிய விளையாட்டொன்று மட்டும் எவ்வளவு முயன்றும் அதில் ஓடவில்லை. ஓடாதென்று முன்னரே அவரிடம் சொல்லியிருந்தோம். அதனை ஞாயிறுதோறும் மாடியறை நண்பரின் கணினியில் முறைவைத்து ஆடி வருகின்றார்.