மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கான அரசு நிதியுதவி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பள்ளியில் படிக்கும் வரை உதவித்தொகைப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்க ஓர் ஆசிரியராவது இருப்பார். பள்ளி முடிந்ததும் அந்தத் துணை நின்றுவிடுகிறது. பதினெட்டு வயதுக்கு மேல் கிடைக்கும் உதவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலுவலகத்தில் இருக்கின்றன. நாம் போய்க் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிறருக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் வாழும் இளைஞர்களும் அவர்களைப் பெற்றவர்களும் மனத்தில் வைக்க வேண்டியவை இவை.

செய்ய வேண்டியவை

1. மருத்துவச் சான்றையும் யுடிஐடி எனப்படும் தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் முதலில் வாங்குங்கள். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதக் குறைபாடு அடிப்படைத் தகுதி. இப்போதைய சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தலசீமியா, ரத்தம் உறையாமை, தசைச்சிதைவு எல்லாம் அதில் உண்டு. கையும் காலும் நன்றாக இருப்பதால் நமக்குக் கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். ஒரு மாவட்டத்தில் வாங்கிய சான்று நாடு முழுவதும் செல்லும். சதவீதம் குறைத்துப் போடப்பட்டதாகக் கருதினால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

2. ஆவணங்களை ஒன்றுபோல் ஆக்குங்கள். ஆதார், மதிப்பெண் சான்றிதழ், யுடிஐடி அட்டை, வங்கிப் புத்தகம் நான்கிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கட்டும். வங்கிக் கணக்கு இளைஞரின் பெயரிலேயே, ஆதாருடன் இணைந்ததாக இருக்க வேண்டும்.

3. எந்தப் பணம் எந்த அலுவலகத்தில் என்று தெரிந்துகொள்ளுங்கள். கடுமையான பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்றவற்றுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தருகிறது. 1,500 ரூபாய் ஓய்வூதியம் வருவாய்த்துறையைச் சேர்ந்தது. அதற்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். எதற்குத் தகுதி என்பதை நல அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்தபின் மனுச் செய்யுங்கள்.

4. படிப்பை முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியுங்கள். பதிந்து ஓராண்டு ஆகியும் வேலை கிடைக்காத மாற்றுத்திறனாளிக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் 600 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 750, பட்டதாரிக்கு 1,000. பிறருக்கு மூன்று ஆண்டுகள் தரப்படும் இந்த உதவி மாற்றுத்திறனாளிக்குப் பத்து ஆண்டுகள் வரை நீளும். பிறர் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்கு ஓராண்டு போதும். ஆகவே பதிவைத் தள்ளிப்போட்டால் நட்டம் உங்களுக்குத்தான்.

5. மேற்படிப்புக்கான உதவியை ஆண்டுதோறும் கேளுங்கள். அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு உரியவை. வயது வரம்பிலும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. பதினோராம் வகுப்பு முதல் முதுகலை வரை மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாநில அரசின் உதவித்தொகைக்கு நல அலுவலகத்தை அணுகுங்கள். சென்ற ஆண்டு கிடைத்தது என்பதால் இந்த ஆண்டு தானாக வராது. புதுப்பிக்க வேண்டும்.

6. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களின் பெற்றோர், பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்போது சட்டப் பாதுகாவலர் தேவையா என்று யோசியுங்கள். அந்த வயதுக்குப் பிறகு தாய் தந்தையின் கையெழுத்து மட்டும் எல்லா இடத்திலும் செல்லாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். இதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கும்.

7. எதையும் எழுத்தில் கேட்டு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மனு நகர்வில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100 என்ற எண்ணில் அழைக்கலாம். அதற்கும் மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

செய்யக்கூடாதவை

1. மகளின் குறைபாட்டை மறைக்காதீர்கள். சான்று வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும், கல்யாணம் தடைப்படும் என்று அஞ்சி, காது கேளாத பெண்ணை மருத்துவக் குழு முன் அழைத்துப் போகாத வீடுகள் உண்டு. அந்தப் பெண் இழப்பது மாதப் பணத்தை மட்டும் அல்ல. கல்லூரி இடம், வேலை ஒதுக்கீடு, திருமண உதவித்திட்டம் எல்லாவற்றையும் சேர்த்து இழக்கிறாள்.

2. இடைத்தரகரிடம் போகாதீர்கள். 'ஆபீஸில் ஆள் இருக்கிறது' என்று சொல்லிக் காசு கேட்பவரால் உங்கள் தகுதியைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இ-சேவை மையத்தில் அதற்கான கட்டணத்தை மட்டும் கொடுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

3. சதவீதத்தைக் கூட்டிப் போட முயலாதீர்கள். மோசடியாகச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. பொய்ச் சான்று ஒவ்வொன்றும் உண்மையானவர் ஒருவரின் இடத்தைப் பறிக்கிறது.

4. இளைஞரின் ஏடிஎம் அட்டையை வீட்டுச் சொத்தாக்காதீர்கள். பணம் தன் கணக்கில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று அவருக்குத் தெரிய வேண்டும். தன் நிதி விவகாரங்களைத் தானே நடத்தும் உரிமையை 2016 சட்டம் அவருக்குத் தருகிறது. ஓடிபி எண்ணை எவருக்கும் சொல்லக்கூடாது என்பதையும் அவருக்கே கற்றுக்கொடுங்கள்.

5. சான்று கொடுப்பதையும் பதிவைப் புதுப்பிப்பதையும் வெறும் சடங்கு என்று எண்ணித் தவறவிடாதீர்கள். பராமரிப்பு உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் சுய உறுதிமொழி கொடுக்க வேண்டும். வேலைவாய்ப்புப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தற்காலிகச் சான்று என்றால் அது முடியும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

6. உதவித்தொகை நின்றுவிடும் என்று பயந்து வேலையை விடாதீர்கள். மாதம் சில நூறு ரூபாய்க்காக இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பது அவருடைய வருங்காலத்தையே விட்டுக்கொடுப்பதாகும். அரசு வேலைகளில் 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது; அதற்குத் தயாராக விடுங்கள்.

7. மானியத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்குக் கிராமத்தில் 35 சதவீதமும் நகரத்தில் 25 சதவீதமும் மானியம் கிடைக்கும். கைக்காசு 5 சதவீதம் போட்டால் போதும். ஆனால் மானியத்தைக் கையில் தருவதில்லை. மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருக்கும். தொழில் நடந்தால்தான் அது கடனில் கழியும். தெரிந்த தொழிலுக்கு மட்டும் மனுப் போடுங்கள்.

இந்தத் தொகைகள் ஒருவர் தனித்து வாழப் போதாதவை. உயர்த்தித் தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் கேட்பது முழுக்க நியாயம். ஆனால் உரியவர்கள் கேட்டு வாங்காத திட்டத்தைப் பயனாளிகளே இல்லை என்று சொல்லிச் சுருக்குவது எளிது. உங்கள் தெருவில் பதினெட்டைத் தொடும் பிள்ளை ஒன்று இருந்தால், அந்த வீட்டாரிடம் இந்த வாரமே பேசுங்கள். முடிந்தால் நல அலுவலகம் வரை கூடப் போய் வாருங்கள்.