உயிர் காத்த மை

கற்ற கல்வியின் பயன் யாது? இவ்வினாவிற்கு விடையாக ஓர் இளைஞரின் வரலாற்றைக் காண்போம்.

அடால்போ காமின்ஸ்கி 1925இல் அர்ஜென்டினாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பிரான்சில் வளர்ந்தவர். இளமையிலேயே சாயத் தொழிலகத்தில் பணியாற்றினார். பாற்பண்ணையொன்றில் வேதியியலும் பயின்றார். அழியாதெனக் கருதப்பட்ட நீல மையை லாக்டிக் அமிலம் அகற்றும் என அங்கே அறிந்தார்.

1940இல் நாஜி ஜெர்மனி பிரான்சைக் கைப்பற்றியது. யூதர்கள் கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 1943இல் காமின்ஸ்கி குடும்பமும் திரான்சி முகாமில் அடைபட்டது. அர்ஜென்டினக் குடியுரிமையால் விடுதலை பெற்றது.

தாம் தப்பியதோடு அவர் அமைதியடையவில்லை. பதினெட்டு வயதில், பாரிசின் மறைவிடமொன்றில், யூதரெனக் காட்டும் குறிப்பை அட்டைகளிலிருந்து அழித்து, வேறு பெயர்களில் சான்றுகள் இயற்றினார். பிடிபட்டால் மரணமே. ஒருமுறை, மூன்றே நாட்களில் 300 குழந்தைகளுக்குச் சான்றுகள் தேவைப்பட்டன. மணிக்கு 30 சான்றுகள் இயலும். ஆகவே ஒரு மணி உறங்கின் 30 உயிர்கள் போகும் எனக் கணக்கிட்டு, உறக்கம் துறந்து உழைத்தார். இப்பணிக்கு ஊதியமும் பெற்றிலர்.

பொய்ச் சான்று எழுதுதல் குற்றமன்றோ என ஐயம் எழலாம். தன்னலத்திற்காக எழுதின் குற்றமே. ஆயினும், ஒரு குழந்தையின் உண்மைப் பெயரே அதன் உயிரைப் பறிக்கும் எனில், அவ்வுண்மையை உரைப்பது அறமாகுமோ? பிறர்க்குக் கேடு சூழும் உண்மையையும் உரையாமையே வாய்மை நோன்பின் நுட்பம்.

2023இல், 97ஆம் வயதில் அவர் மறைந்தார். சாயமும் பாலும் கற்பித்த சிறு கல்வி அவர் கையில் அபயதானமாயிற்று. நம் இளையோர் கற்கும் கல்வியும் அவ்வாறு பயன்படுமாக!