கொல்கத்தாவிலிருந்து உலகக் கோப்பைக்கு

கேள்வி: நம் நாட்டு கிளப்பில் ஆடிய ஆப்பிரிக்கர் யாராவது உலகக் கோப்பை வரை போயிருக்கிறாரா?
– வாசகர், நல்லூர், விருத்தாசலம்.

பதில்: போயிருக்கிறார். நைஜீரியாவின் எமேகா எசுகோ. அங்கே ஆடிய இன்னொரு நைஜீரியரான சீமா ஒகோரியின் பெயரைக் கேட்டாலே பழைய கொல்கத்தா ரசிகர்களுக்குக் கண் மின்னும். அந்த சீமாவின் காலத்தில், 1980களின் நடுவில், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப் சட்டையில் ஆடியவர் எமேகா. 1988 சியோல் ஒலிம்பிக்கில் நைஜீரிய அணியில் இருந்தார். 1994இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக்கும் தேர்வானார். நைஜீரியாவுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை.

என்ன அணி அது! பல்கேரியாவை 3-0 என நொறுக்கியது. முதல் கோலைப் போட்ட யெகினி, வலைக்குள் கைகளை நுழைத்து அதைப் பற்றிக்கொண்டு கதறியது இன்றும் கண்ணில் நிற்கிறது. கிரீஸை 2-0 என வென்று பிரிவில் முதலிடம். அடுத்த சுற்றில் இத்தாலியை 1-0 என மடக்கி வைத்திருந்தபோது, 88ஆவது நிமிடத்தில் பாஜியோ சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் பெனால்டியும் அவரே. ரசிகனாக எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஓய்வுக்குப் பின் பயிற்சியாளரான எமேகா, திரும்பவும் இந்தியா, வங்கதேசம் பக்கமே வந்தார். நாமோ ஆப்பிரிக்க வீரர் என்றதும் கேரளத்து மலப்புரத்தின் எழுவர் கால்பந்தான செவன்ஸோடு நின்றுவிடுகிறோம்.