கலைஞர்களுக்கு வரிச்சலுகை உண்டா?

கேள்வி: ஆம்பூரில் தோலில் ஓவியம் தீட்டிக் கைப்பைகள் செய்கிறேன். வெளிநாடுகளில் கலைஞர்கள் வாழும் பகுதிக்கே வரிவிலக்கு தருகிறார்களாமே, நமக்கு அப்படி உண்டா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: இல்லை, சகோதரி. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 1990களின் பிற்பகுதியில் பிராவிடன்ஸ் நகரின் ஒரு பகுதியைக் கலை வட்டாரமாக அறிவித்து வரிச்சலுகை தந்தார்கள். 2013இல் கலைப் படைப்புகளுக்கான விற்பனை வரி விலக்கை மாநிலம் முழுவதற்கும் விரித்தார்கள். நம்மிடம் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் எழுந்த சோழமண்டலம் ஓவியர் கிராமம், அங்கிருந்த ஓவியர்கள் பாத்திக் துணிகள் விற்ற காசில் நின்றது. வரிச்சலுகையில் அல்ல.

ஆனால் உங்களுக்கு உதவும் விதி ஒன்று ஜிஎஸ்டியில் இருக்கிறது. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் பதிவு கட்டாயம் என்பது பொதுவிதி. கைவினைப் பொருட்களுக்கு அதில் விலக்கு உண்டு. விலக்கு பெறும் பொருட்களின் பட்டியலில் தோல் பைகள், பர்ஸ்கள், குதிரைச் சேணம் எல்லாம் இருக்கின்றன. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டக்கூடாது. பான் எண்ணும், சரக்கை அனுப்பும்போது இ-வே பில்லும் வேண்டும். வேலையின் பெரும்பகுதி கையால் நடந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வெட்டுவது, தைப்பது, வண்ணம் ஏற்றுவது என ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வையுங்கள். அதிகாரி கேட்டால் காட்டலாம். இணைய விற்பனைத் தளங்கள் வழியே விற்பதற்கு விதிகள் வேறு. அப்படி விற்கும்முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

தோல் ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற உங்கள் பகுதியில், அதே தோலில் கலை செய்பவருக்கும் ஒரு கலை வட்டாரம் கேட்பது நியாயமே. மாவட்டத் தொழில் மையத்தில் எழுத்தாகவே கேளுங்கள்.